பலாவும் வனிலாவும்

ருசிகளை மூன்று வகையாகப் பிரிப்பது நம் வழக்கம். பிடித்தது, பிடிக்காதது, விசித்திரமானது. இந்த மூன்றையும் தீர்மானிப்பது நாக்குத்தான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாக்குக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. கப்பலும் காற்றும், சர்க்கரை ஆலையும் மின்சாரமும், எங்கோ ஒரு தீவில் ஓர் அடிமைச் சிறுவனின் கட்டை விரலும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்ட பிறகு, கடைசியில்தான் நாக்கை அழைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுகிறார்கள். ஐஸ்கிரீமின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இந்த உண்மை விளங்கும்.

புரட்டிப் பார்ப்பதற்குக் குறிஞ்சிப்பாடி மிகவும் பொருத்தமான இடம். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையில் இருக்கும் ஊர் அது. பெயரில் குறிஞ்சி இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரையில் மலை இல்லை. தறிச் சத்தமும் கைலி வியாபாரமும் உள்ள நெசவாளர் ஊர். ஆனால் குறிஞ்சி நிலத்துக்குரிய பழம் என்று நம் முன்னோர் கொண்டாடிய பலா, மலையை விட்டு இறங்கி வந்து இந்த வட்டாரத்தில்தான் குடித்தனம் செய்கிறது. வடக்கே போனால் பண்ணுருட்டி. அங்கே பலா மரங்கள் தோப்புத் தோப்பாக நிற்கின்றன. முந்திரியும் அதே செம்மண்ணில் காய்க்கிறது. கெடிலம் ஆற்றுப் பக்கம் போனால் நெல்லிக்குப்பம். அங்கே சர்க்கரை ஆலை. மேற்கே வடலூரைத் தாண்டினால் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம். பாலுக்கோ பஞ்சமில்லை. ஐஸ்கிரீம் செய்ய வேறு என்ன வேண்டும்? பாலும் சர்க்கரையும் குளிரும் ஒரு வாசனையும் வேண்டும். நான்கும் குறிஞ்சிப்பாடியைச் சுற்றி ஒரு முழுப் பகல் நடையில் கிடைக்கின்றன.

இவ்வளவும் இருக்க, கடைத்தெருவில் ஐஸ்கிரீம் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "வனிலா, ஸ்டிராபெர்ரி, சாக்லேட், பட்டர்ஸ்காட்ச், பிஸ்தா" என்று மூச்சு விடாமல் பதில் வரும். பலாப்பழ ஐஸ்கிரீம் உண்டா என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். "அது ஸ்பெஷல் ஸார், எப்போதாவதுதான் வரும்" என்பார். பக்கத்து ஊர்ப் பழம் விசித்திரமாகிவிட்டது. மெக்ஸிகோ தேசத்துக் காட்டுக் கொடியின் காய் சர்வ சாதாரணமாகிவிட்டது! இந்த இடமாற்றம் எப்படி நடந்தது?

கதையைப் பனிக்கட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் அவர் ஊர்ப் பக்கத்துக் குளங்களெல்லாம் கல்லாக உறைந்து போகும். அந்தக் கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி வெயில் நாடுகளில் விற்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊரே சிரித்தது. 1806-ல் முதல் கப்பலை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்கு ஓட்டிச் சென்றார். அங்குள்ளவர்களுக்குப் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. டியூடர் ஓர் உல்லாசத் தோட்டத்தின் சொந்தக்காரரைப் பிடித்து, ஐஸ்கிரீம் செய்யும் விதத்தைத் தாமே அவருக்குக் கற்றுக்கொடுத்தார். சரக்கை விற்பதற்காக ருசியை முதலில் விற்ற சாமர்த்தியசாலி அவர்.

1833-ஆம் வருஷம் மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. மரத்தூள் போர்த்திய அந்தச் சரக்கு நான்கு மாதம் கடலில் மிதந்து, பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. அப்போது சுமார் 100 டன் மீதி இருந்தது. சென்னைக்கும் இந்த வியாபாரம் வந்தது. சரக்கைச் சேமித்து வைக்கக் கடற்கரையில் 1842-ல் ஒரு வட்டமான கட்டடம் எழும்பியது. அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிச் சென்னைக்கு வந்தபோது தங்கியதும் அங்கேதான். கட்டடத்தின் பெயர் இன்று விவேகானந்தர் இல்லம். பேட்டையின் பெயர் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ்தான். பனிக்கட்டி உருகி ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் பெயர் மட்டும் உருகவில்லை.

அந்தப் பனிக்கட்டியில் ஒரு துண்டாவது குறிஞ்சிப்பாடி நெசவாளி வீட்டுக்கு வந்திருக்குமா? வந்திருக்க நியாயமில்லை. அது துரைமார் மேஜைக்கும், பெரிய மனிதர் விருந்துக்கும், ஜுரத்தில் கிடந்தவர்களின் நெற்றிக்கும் போய்ச் சேர்ந்த பண்டம். சாமானியனுக்குக் கோடையில் கிடைத்த குளிர்ச்சி பானைத் தண்ணீரும் நீராகாரமும் நுங்கும்தான்.

நாற்பதுகளின் அந்த முதல் மூன்று வருஷங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1842-ல் சென்னையில் ஐஸ் ஹவுஸ். அதே 1842-ல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை. 1843-ல் அமெரிக்காவில் நான்ஸி ஜான்ஸன் என்ற அம்மாள், கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினாள். மரத்தொட்டிக்குள் தகரக் குவளை. இரண்டுக்கும் நடுவில் பனிக்கட்டியும் உப்பும். மேலே ஒரு கைப்பிடி. உப்புப் பட்டால் பனிக்கட்டி வேகமாக உருகும், உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் குவளையிலிருக்கும் பாலிலிருந்து பறித்துக்கொள்ளும், உப்புத் தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்கு வெகு கீழே போய்விடும், பால் உறையும். சுற்றிக்கொண்டே இருந்தால் பெரிய பெரிய படிகங்கள் உண்டாகாமல் வெண்ணெய்போல் குழைவாக வரும். நம் நாட்டிலும் பல வீடுகளில் பின்னாளில் இந்த மரத்தொட்டி வந்து சேர்ந்தது. வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு கை வலிக்கச் சுற்றியது பெரியவர்கள் சொல்லி நாம் கேட்டிருக்கும் விஷயந்தான்.

குளிர் வந்தது, சர்க்கரை வந்தது, இயந்திரம் வந்தது. வாசனை? அது இவற்றுக்கு ஒரு வருஷம் முன்னதாகவே, 1841-ல் வந்துவிட்டது. வந்த இடம் இந்து மகா சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு. அப்போது அதற்குப் பூர்போன் என்று பெயர்.

வனிலா என்பது ஒருவகை ஆர்க்கிட் கொடி. மெக்ஸிகோக் காடுகளில் வளர்வது. ஐரோப்பியர் அதன் காயின் வாசனையில் மயங்கி, கொடியைக் கொண்டுபோய் வேறு வெப்ப நாடுகளில் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூவும் பூத்தது, காய்க்க மாட்டேன் என்றது. பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும். மகரந்தத்துக்கும் சூலகத்துக்கும் நடுவே மெல்லிய தோல் ஒன்று திரைபோல் தொங்கும். மெக்ஸிகோவில் அதை விலக்க வேண்டிய பூச்சி இருந்தது. மற்ற தேசங்களில் இல்லை. பெல்ஜியத்தில் ஒரு விஞ்ஞானி செயற்கையாகக் காய்க்க வைத்தார் என்றாலும், தோட்டத்து வேலைக்கு அந்த முறை உதவவில்லை.

ரீயூனியனில் பெலியே போமோன் என்ற தோட்டக்காரரிடம் எட்மோன் என்ற அடிமைச் சிறுவன் இருந்தான். பிறந்தபோதே தாயை இழந்தவன். வயது பன்னிரண்டு. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எஜமானர் பூசணிப் பூவைக் கையால் சேர்த்துக் காய்க்க வைப்பதைப் பார்த்திருந்தான். ஒருநாள் ஒரு மெல்லிய குச்சியால் வனிலாப் பூவின் அந்தத் திரையைத் தூக்கி, கட்டை விரலால் மகரந்தத்தை லேசாக ஒற்றிவிட்டான். சில விநாடி வேலை. கொடி காய்த்தது. அதே குச்சி, அதே விரல், அதே ஒற்றல் - உலகத்து வனிலாத் தோட்டங்களில் இன்றுவரை வேறு வழி நடைமுறைக்கு வரவில்லை. மடகாஸ்கரிலும் சரி, இந்தோனேஷியாவிலும் சரி, ஒவ்வொரு பூவையும் ஒரு மனித விரல் தொட்டாக வேண்டும்.

1848-ல் ரீயூனியனிலிருந்து ஏற்றுமதியான வனிலா 50 கிலோ. 1898-ல் அது 200 டன். இதில் எட்மோனுக்கு என்ன கிடைத்தது? 1848-ல் அடிமை முறை ஒழிந்தபோது மற்றவர்களோடு அவனுக்கும் விடுதலை கிடைத்தது. அல்பியுஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. பிழைப்புத் தேடிப் பட்டணம் போய், ஒரு திருட்டு வழக்கில் மாட்டிக்கொண்டு சிறைக்கும் போனான். பழைய எஜமானர் அவனுக்காகப் பரிந்து எழுதினார். 'அந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் நான்' என்று ஒரு தாவர சாஸ்திரி உரிமை கொண்டாட வந்தபோதும் அவர்தான் மறுத்துச் சாட்சி சொன்னார். அந்த மட்டில் அவர் நேர்மையானவர். ஆனால் 1880-ல் எட்மோன் இறந்தபோது வறியவனாகவே இறந்தான். உலகமெல்லாம் கோடிக்கணக்கான கோப்பைகளில் வாசம் வீசும் ஒரு ருசிக்கு உரிமையாளன் அவன்!

நமக்கும் அந்தத் தீவுக்கும் ஓர் உறவு உண்டு. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏற்றினார்கள். 1860-ல் பிரிட்டனோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையால் வெள்ளைக்காரச் சீமையிலும் ஆள் எடுக்க வழி பிறந்தது. அங்கே கூலிகள் பட்ட கஷ்டம் வெளியே தெரிந்து 1882-ல் அது நிறுத்தப்பட்டது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே எவ்வளவு தூரம்? காலையில் புறப்பட்டால் மாலைக்குள் நடந்து போய்விடலாம். இன்றும் ரீயூனியனில் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். பெயர்களில் தமிழ் மணக்கிறது. கரும்பு வெட்டியவர்கள் நம்மவர்கள். வனிலாவைக் காய்க்க வைத்தவன் அவர்களுக்கு முந்திய அடிமை. சர்க்கரையும் வாசனையும் ஐஸ்கிரீமில் சேருவதற்கு முன்பே, அந்தத் தீவின் வியர்வையில் சேர்ந்துவிட்டன.

அடுத்தது 1874. அந்த வருஷத்திலும் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னையில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி ஏற்பட்டு, பனிக்கட்டியை இயந்திரத்தில் செய்ய ஆரம்பித்தது. அமெரிக்கக் குளம் நமக்குத் தேவையில்லாமல் போயிற்று. சில வருஷங்களில் அந்தக் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. அதே வருஷம் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இரண்டு ரசாயனக்காரர்கள், ஊசியிலை மரத்தின் சாற்றிலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கொண்டு வனிலாவின் முக்கிய வாசனையான வனிலினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். இன்று உலகம் உபயோகிக்கும் வனிலினில் மிகப் பெரும்பகுதி தொழிற்சாலையில் பிறப்பதுதான். பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருளிலிருந்தும் அதைச் செய்கிறார்கள்.

வனிலா சாதாரணமான ரகசியம் இதில்தான் இருக்கிறது. அது புட்டிக்குள் அடங்கிவிட்டது. புட்டிக்குப் பருவம் கிடையாது. சித்திரையிலும் மார்கழியிலும் ஒரே மணம். பத்துச் சொட்டு விட்டால் ஒரு தொட்டி மணக்கும். பலாப்பழமோ அப்படி அடங்குகிற ஜாதியா? பத்துக் கிலோ, இருபது கிலோ என்று ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் வெட்ட முடியாது. சுளையை எடுத்து, சடையை நீக்கி, கொட்டையை நீக்கி, நாரை அரித்து - இத்தனைக்கும் மனிதக் கை வேண்டும். கோடையில் வந்து, ஆடி பிறந்து கொஞ்ச நாளில் போய்விடும். தொழிற்சாலைக் கணக்கர் எதை விரும்புவார்? அவர் விரும்பியதைத்தான் நாம் 'பிடித்தது' என்கிறோம்.

மற்றப் பெயர்களையும் சோதித்துப் பாருங்கள். ஸ்டிராபெர்ரிப் பழத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு நாள் முன்பே அதன் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டவர்கள்தான் நம்மில் அநேகர். பிஸ்தா என்று பச்சையாக வருவதில் பல சமயம் பச்சைச் சாயமும் பாதாம் வாசனையும்தான் பிரதானம். டூட்டி ஃப்ரூட்டியில் மாணிக்கம்போல் மின்னும் துண்டுகள், பாகில் ஊறிய பப்பாளிக்காய்! பெயர் வெளிநாட்டுப் பழம்; உள்ளே இருப்பது நம் கொல்லைக் காய். கொல்லைக் காய்க்குக்கூட மாறுவேஷம் போட்டால்தான் கோப்பைக்குள் இடம் கிடைக்கிறது.

விசித்திரம் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 1789-ல் லண்டனில் பிரெடரிக் நட் என்பவர் வெளியிட்ட தின்பண்டப் புத்தகத்தில் பார்மசான் பாலாடைக்கட்டி ஐஸ்கிரீமுக்குச் செய்முறை இருக்கிறது. நூறு வருஷம் கழித்து அதே நாட்டில் மார்ஷல் சீமாட்டி வெள்ளரிக்காயில் ஐஸ்கிரீம் செய்யச் சொல்லிக்கொடுத்தாள். வெனிசுவேலா தேசத்தில் ஒரு கடை எண்ணூறுக்கும் மேற்பட்ட ருசிகளைச் செய்து பெயர் வாங்கியது. அவற்றில் பூண்டும் மீனும்கூட உண்டு. ஒரு காலத்து மரியாதை மற்றொரு காலத்து வேடிக்கை, அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு விசித்திரம் பிறந்தது. ஆனால் அதை யாரும் விசித்திரம் என்று சொல்லவில்லை. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956-ல் ஏற்பட்டது. 1962-ல் அனல் மின்சாரம் வரத் தொடங்கியது. மின்சாரம் சிற்றூர்களுக்குப் பரவிய பிறகு ஐஸ் தொழிற்சாலைகளும் பரவின. கடலூர்த் துறைமுகத்தில் மீனுக்குக் கட்டி ஐஸ்; தெருவில் குழந்தைகளுக்குக் குச்சி ஐஸ். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி. ரப்பர்க் குமிழ் வைத்த ஊதல். நடுப்பகல் வெயிலில் அந்தச் சத்தம் கேட்டால் தெருவே விழித்துக்கொள்ளும். பால் ஐஸ், திராட்சை ஐஸ், எல்லாவற்றுக்கும் மேலாகச் சேமியா ஐஸ்! பாயசத்தை உறைய வைத்துக் குச்சியில் மாட்டலாம் என்று முதலில் நினைத்த புண்ணியவான் யாரோ, அவர் நமது எட்மோன். லண்டன் புத்தகத்திலும் பாஸ்டன் கப்பலிலும் இல்லாத ருசி அது. அம்மா திட்டுவாள், சளி பிடிக்கும் என்று பாட்டி பயமுறுத்துவாள். இருந்தாலும் அடியில் தங்கியிருக்கும் சேமியாவுக்காகக் குச்சி தெரியும்வரை சப்பாமல் விட்ட பிள்ளை உண்டா?

இந்தக் குச்சி ஐஸிலிருந்து பெரிய வியாபாரமும் முளைத்தது. சந்திரமோகன் என்ற இளைஞர் 1970-ல் 13,000 ரூபாய் முதலில் சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். அதுதான் பிறகு அருண் ஐஸ்கிரீம் ஆயிற்று. பட்டணத்துப் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்பதைவிட, அவர்கள் எட்டிப் பாராத சிறிய ஊர்களுக்குப் போவது மேல் என்று அவர் கண்டுகொண்டார். சிற்றூர்க்காரனுக்கும் கோப்பை ஐஸ்கிரீம் கிடைத்தது. அது நல்லதே. ஆனால் கோப்பையோடு பட்டணத்து ருசிப் பட்டியலும் கூடவே வந்தது.

சரி, நாக்குக்கு ஒரு பங்கும் கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. பலாப்பழத்தைப் பிடிக்காது என்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் அதன் வாசனை. வீட்டின் பின்கட்டில் வெட்டினால் வாசல் திண்ணைக்கு மணக்கும் பழம் அது. இங்கேதான் குளிர் ஓர் உதவி செய்கிறது. குளிர்ந்த பொருளிலிருந்து மணம் எழும்புவது குறைவு. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பும் குறைவாகவே தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். ஆகவே வெயிலில் முரட்டுத்தனமாக வீசும் பலா மணம் பாலாடையின் கொழுப்பில் கரைந்து, குளிரில் அடங்கி, வெகு மரியாதையாக நடந்துகொள்கிறது. பழத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் பலா ஐஸ்கிரீமை ஒப்புக்கொள்வதுண்டு. அதை விற்று வெற்றி கண்ட ஐஸ்கிரீம் கடைகள் பம்பாயில் இருக்கின்றன. பண்ணுருட்டிக்குத்தான் அது ஸ்பெஷல்.

இதெல்லாம் வெறும் ருசி விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு புயல்களைச் சொல்லுகிறேன். 2000-ஆம் வருஷம் ஏப்ரலில் மடகாஸ்கர் தீவை ஹூடா என்ற புயல் அடித்து வனிலாத் தோட்டங்களை நாசம் செய்தது. உலகச் சந்தையில் வனிலா விலை மளமளவென்று ஏறியது. நம் கேரளத்திலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் ஆசையோடு வனிலாக் கொடி நட்டார்கள். சில வருஷத்தில் விலை தலைகுப்புற விழுந்து அவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். எங்கோ ஒரு தீவில் காற்று அடித்ததற்கு இடுக்கி மலையில் ஒரு குடியானவன் குடும்பம் ஆடியது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகம். கடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ணுருட்டி வட்டாரங்களில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்டுப் பேரன் காய் பறித்துக்கொண்டிருந்த மரங்கள் ஒரே இரவில் விறகாயின. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. விதையிலிருந்து முளைக்கும் பலா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அந்தக் காலை, எந்த ஊரிலாவது ஒரு ஐஸ்கிரீம் கடையில் ஒரு கரண்டி குறைந்ததா? எந்தத் தொழிற்சாலையிலாவது 'சரக்கு வராது' என்று கவலைப்பட்டார்களா? இல்லை. சாதாரண ருசிக்குச் சேதம் வந்தால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. விசித்திர ருசிக்குச் சேதம் வந்தால், அதை வளர்த்தவன் மட்டும் சாய்ந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். பட்டியலில் இடம் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

விழுந்த இடங்களில் மறுபடியும் கன்று நட்டார்கள். அவை இப்போது காய்க்கின்றன. கோடையில் பண்ணுருட்டிச் சாலையோரம் பழங்கள் மலைபோல் குவிகின்றன. மிகுதியாக வரும் நாட்களில் விலை இறங்கிவிடுவதும் வழக்கமாகத்தான் இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பலாக் காலத்தில், கெட்டிச் சுளையாக உள்ள வருக்கைப் பழம் ஒன்று வாங்குங்கள். இருபது சுளையை நறுக்கி, கொஞ்சம் பாலில் வேகவைத்து மசித்து ஆற வையுங்கள். சுண்டக் காய்ச்சிய ஒரு லிட்டர் பாலும் ஒரு கிண்ணம் பாலாடையும் சேருங்கள். சர்க்கரையை, வெறும் நாக்கில் சற்று அதிகம் என்று படும் அளவுக்குப் போடுங்கள். குளிர் அதைச் சரிக்கட்டிவிடும். உறைபெட்டியில் வைத்து, மணிக்கு ஒரு தரம் எடுத்து நன்றாகக் கிளறிவிடுங்கள். மரத்தொட்டிக் கைப்பிடி செய்த வேலையை உங்கள் கரண்டி செய்ய வேண்டும். மேலே நாலு முந்திரி. முந்திரியும் பிரேசில் தேசத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த விருந்தாளிதான்; இந்த மண்ணில் நிலைத்து நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. வனிலாவையும் நாம் விரட்ட வேண்டியதில்லை. எட்மோனை நினைத்துக்கொண்டு அதையும் சாப்பிடலாம். வீட்டுப் பலாவுக்கும் ஒரு கோப்பை வைத்தால் போதும்.